அளவு ஜாக்கெட்

ஆவணி 5, வெள்ளி

நூல்கடைக்காரர் இங்கிலீஷ் வருசப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. எட்டு மாசமாக இதற்குள் ஊக்கு அட்டைதான் இருந்தது. டீச்சர்தான், "நீங்க பேசறதையே எழுதுங்க்கா, போதும்" என்று உயிரை வாங்கினாள். நான் நாலாவது வரைக்கும் போனவள். அஞ்சாவதில் என்னை விட மிஷின் கெட்டிக்காரியாகத் தெரிந்ததால் அதோடு உட்கார்ந்துவிட்டேன். எழுத்தில் பிழை இருக்கும். இருக்கட்டும்.

டீச்சர் என்றால் பூங்கோதை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறாள். வயசு முப்பத்தொன்று, அப்பா இல்லை, அம்மா மட்டும். அவள் ஊர் பஸ் என் கடை வாசலில்தான் நிற்கும். அஞ்சரை பஸ் என்றைக்கும் ஆறேகாலுக்குத்தான் வரும். அந்த முக்கால் மணி நேரம் என் கடை ஸ்டூல் அவளுடையது. அந்தக் காலத்து இங்கிலீஷ் காதல் கதைகளில் பொம்பளைகள் பாடு என்ன, கல்யாணம் எப்படி நடக்கிறது, ஊர் என்ன பேசுகிறது என்று பெரிய படிப்புக்குக் கட்டுரை எழுதுகிறாள். எழுதும் முன்னால் எனக்குச் சொல்லிப் பார்ப்பாள். நான் ஊக்கு வைத்துக்கொண்டே கேட்பேன்.

இன்றைக்குச் சொன்னது. அங்கே பொம்பளை இடுப்பு இத்தனை இஞ்சுதான் இருக்கணும் என்று ஒரு உள்சட்டை போடுவார்களாம். முதுகில் நாடா. வேலைக்காரி முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டுவாளாம். மூச்சு முட்டி மயங்கி விழுவார்களாம்.

"விழுந்தா?"

"கதாநாயகன் வந்து தாங்கிப் பிடிப்பார்க்கா."

"நாடாவ அவுத்து விடாம அவன் எதுக்குடி தாங்கறான்?"

ஸ்டூலோடு சாய்ந்து சிரித்தாள். நல்ல சிரிப்பு. போன தீபாவளிக்கு எடுத்த அளவுப்படி மார்பு முப்பத்தேழு. அவ்வளவும் சிரிப்புக்கு வேண்டிய இடம்.

ஆவணி 9, செவ்வாய்

மில்லுக்காரம்மா வந்தார். ரைஸ் மில் வெள்ளியம்மாள். சாயங்கால நேரம், டீச்சர் ஸ்டூலில் இருந்தாள். அந்தம்மா மகன் சுகுமாரனுக்கு முதல் சம்சாரம் காமாலையில் போய் ரெண்டரை வருசம் ஆகிறது. இன்னும் பெண் அமையவில்லை என்று குறைப்பட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "எதுக்குங்கம்மா ஊரெல்லாம் தேடிட்டு? இந்தா என் ஸ்டூல்ல ஒரு ராணி உக்காந்திருக்கா. உங்க ராசாவுக்குக் கேளுங்க" என்றேன்.

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. அந்தம்மா சிரிக்கவில்லை. டீச்சரை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தார். எனக்கும் தொழில் அதுதான். ஆனால் நான் பார்ப்பது துணி எவ்வளவு பிடிக்கும் என்று.

ஆவணி 12, வெள்ளி

ஜாதகம் கேட்டு ஆள் போயிருக்கிறதாம்! என் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

ஆவணி 22, திங்கள்

நேற்று பெண் பார்த்தார்களாம். பொருத்தம் சரி, பிடித்துவிட்டது, ஐப்பசியில் நிச்சயம். டீச்சர் மகிழ்ச்சியை மறைக்கத் தெரியாமல் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படி அம்மிணி மாப்பிள்ளை?"

"அதிகம் பேச மாட்டாருங்க்கா. ஜன்னல் பக்கம் நின்னு வெளிய பார்த்துட்டே இருந்தார். மனசுல ஏதோ பெரிய துக்கம்."

அவள் கதைகளில் இப்படிப்பட்ட ஆம்பளைதான் உயர்த்தி. பெரிய வீடு, பேசாத வாய், உள்ளே ஒரு துக்கம். பெண் போய் அவன் மனசைத் திறப்பாள். "எங்க தெருவுல பேசாத ஆம்பளைக்கு வாய்ப்புண்ணுன்னுதான் அர்த்தம்" என்றேன். சிரித்தாள்.

"சரி, கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கதையெல்லாம் என்னாகும்?"

"கல்யாணத்தோட முடிஞ்சுருங்க்கா."

"அதென்ன கதை? கல்யாணத்துக்கு அப்புறந்தானே பொம்பளைங்க எங்கிட்ட வர்றாங்க. பிரிச்சு விடு, பிரிச்சு விடுன்னு."

சொல்லி முடித்தபோது எதிர்த்த பக்கம் பார்த்தேன். மருந்துக் கடைத் தூண் ஓரம் மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்தபடி சுகுமாரன். கடைக்குள் வரவில்லை. கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். டீச்சர் பார்த்துவிட்டு, "பஸ் ஏறற வரைக்கும் காவலுக்கு வந்திருக்கார் பாருங்க" என்றாள்.

அந்த இடத்தில் அவர் நிற்பதை நான் முன்னேயும் பார்த்திருக்கிறேன். அதே தூண்.

புரட்டாசி 6, செவ்வாய்

தீபாவளித் துணி குவிகிறது. நாளைக்குப் பாவாடை எட்டு. பாபின் கேஸ் ஒன்று தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

டீச்சருக்கு அவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒரு வரி மட்டும் படித்துக் காட்டினாள். "இனி ராத்திரி சாப்பாடு வேண்டாம். ஒரு டம்ளர் மோர் போதும். உன் நல்லதுக்குச் சொல்கிறேன்."

"என்னைப் பத்தி எவ்வளவு யோசிக்கிறார் பாருங்க்கா."

"யோசிக்கட்டும். நீ திங்கறத எதுக்கு யோசிக்கணும்? மில்லுல அரிசி தீந்து போச்சாமா?"

இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என் டிபன் டப்பாவில் புளிச்சோறு இருந்தது. எடுத்துக்கோ என்றேன். வேண்டாம் என்றாள். எதிர்த்த பக்கம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள்.

புரட்டாசி 13, செவ்வாய்

மில்லுக்காரம்மா நிச்சயச் சேலை கொண்டுவந்தார். அரக்கில் பச்சைக் கரை, நல்ல பட்டு. எங்கள் பக்கம் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுச் சேலையும் ஜாக்கெட்டும் தட்டில் வரும். பெண் வாங்கிக்கொண்டு உள்ளே போய், உடுத்திக்கொண்டு திரும்பி வந்து சபையில் உட்கார வேண்டும். அப்புறம்தான் வெற்றிலை மாற்றுவது.

"டீச்சர் அளவு எங்கிட்டயே இருக்குதுங்கம்மா" என்றேன்.

"அது வேண்டாம். இந்தா அளவு ஜாக்கெட். இதே மாதிரி தை."

பையிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார். கை மணிக்கட்டு வரைக்கும். கழுத்து மூடினாற்போல. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. என் தையல். முதல் மருமகள் ஜமுனாவுடையது.

"இது பத்தாதுங்களே? அவ முப்பத்தேழு. இது இருபத்தொம்போது கூட வராது."

"நிச்சயத்துக்குள்ள குறைஞ்சுருவா. சொல்லியாச்சு. எம் பையனுக்கு இப்படி இருந்தாத்தான் பிடிக்கும்."

"சரிங்க, உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தைக்கறேன். நாளைக்குப் பிரிச்சு விட..."

"உள்ள எதுக்கு? எங்க வீட்டுல வர்றவங்க யாரும் பெருக்க மாட்டாங்க." போகும்போது என் கன்னத்தைத் தட்டினார். "நீ கொஞ்சம் வாயக் குறை துளசி."

புரட்டாசி 14, புதன்

ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். தொழில்காரி யாரும் அப்படித்தான் பார்ப்பாள்.

பக்கத் தையல் நாலு வரி. வெளி வரி பச்சை நூல், அது முதலில் தைத்தது. ஆவணியில் கல்யாணம், முப்பத்தாறு இஞ்ச், உள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன். அதற்கு உள்ளே ஒரு வரி வெள்ளை நூல். அதற்கும் உள்ளே கறுப்பு. அதற்கும் உள்ளே சிவப்பு. பிடிச்சுக் கொடுங்க்கா என்று அவள் வரும்போதெல்லாம் மிஷினில் என்ன நூல் இருந்ததோ அதிலேயே அடித்துக் கொடுத்திருக்கிறேன். உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்.

வெள்ளை நூல் என்றால் ஆனி. பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிற மாசம். கறுப்பு என்றால் கார்த்திகை, மலைக்குப் போகிறவர்களின் துணி. சிவப்பு என்றால் தை. செவ்வாடைக்காரர்கள் கோயிலுக்குக் கிளம்புகிற சமயம்.

சித்திரையில் செத்தாள்.

ஒவ்வொரு வரிக்கும் நான் ஒரு கேலி பேசியிருக்கிறேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வெள்ளைக்கு, "என்ன அம்மிணி, சினிமாவுல சேரப் போறியா?" கறுப்புக்கு, "இன்னும் கொஞ்சம் இளைச்சா துணியே மிச்சமாகும், எனக்கு ஒரு கைக்குட்டை." அவள் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

புரட்டாசி 15, வியாழன்

கடை திறக்கவில்லை. மழை என்று கேட்டவர்களிடம் சொன்னேன். மழை இல்லை.

புரட்டாசி 19, திங்கள்

இன்றைக்கு டீச்சரிடம் பேசினேன். ஜாக்கெட் மேஜைக்குள் இருந்தது. வெளியே எடுக்கக் கை வரவில்லை. வாயால்தான் சொன்னேன்.

"அம்மிணி, மொதல் பொண்ணு ஜமுனா எங்கிட்ட வருவா. வரவர இளைச்சுட்டே போனா."

"காமாலைன்னா இளைக்கத்தானே செய்வாங்க."

"ஒன்றரை வருசமா காமாலை இருக்குமா?"

 அவள் அந்த இங்கிலீஷ் கதைகளில் புகுந்துவிட்டாள். அங்கேயும் இப்படித்தானாம். பெண்ணுக்கு முதலில் சந்தேகம் வருமாம். ஊர் அவரைப் பற்றி ஏதேதோ சொல்லுமாம். கடைசியில் எல்லாம் தப்பு, அவர் தங்கமான மனுசன் என்று தெரியவருமாம்.

"அத எழுதினது யாரு?"

"நிறைய பேர் பொம்பளைங்கதான்க்கா."

"கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினாங்களா, அப்புறமா?"

 "எனக்கு முப்பத்தொண்ணுங்க்கா. அம்மா மூணு வருசம் கழிச்சு இப்பத்தான் வயிறார சாப்பிடறாங்க" என்றாள். பஸ் வந்துவிட்டது. படியேறும்போது முந்தானையை ரெண்டு சுற்று சுற்றி இழுத்துச் செருகினாள். அவளுக்குச் சேலை இடுப்பில் தளர்ந்துவிட்டது. ரெண்டே வாரத்தில்.

எதிர்த்த பக்கம் அவர் இருந்தார்.

புரட்டாசி 21, புதன்

டீச்சரின் அம்மா வந்தார். ஜாக்கெட்டுக்கு என்று வரவில்லை. மிஷின் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் துளசி இந்த இடத்தச் சொன்ன. உனக்குக் கோயில் கட்டணும். இப்ப நீயே அவ மனசக் கலைக்காத சாமி. இது போனா அவளுக்கு இன்னொண்ணு வராது."

சரிங்க என்றேன். வேறு என்ன சொல்ல.

புரட்டாசி 30, வெள்ளி

எழுதாமல் இருந்தால் இது உள்ளேயே இருக்கும் போலிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சிவப்பு நூல் போட்ட அன்றைக்கு. தை மாசம், மத்தியானம். நான் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். ஜமுனா வந்தாள். அக்குளில் பிடித்துப் பார்க்கக் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியாமல் தூக்கினாள். நீளக் கை ஏன் வெய்யிலில் என்று கேட்டேன். "பழகிருச்சுங்க்கா" என்றாள். அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. என் டப்பாவைப் பார்த்தது.

தைத்து முடித்துக் கொடுத்ததும் போகாமல் நின்றாள். "அக்கா, கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டுங்களா?" என்றாள்.

எதிர்த்த பக்கம் அவன் வாட்சைப் பார்த்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "அங்க உன் ராசா வெய்யில்ல காயறாரு. ஓடு, ஓடு. உக்கார்றதுக்கு உனக்கு மில்லு இருக்குது." கேலிதான். எல்லாரிடமும் சொல்கிற கேலி. முதுகில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினேன், செல்லமாக. எலும்பு கையில் பட்டது. அப்போதும் சிரித்தேன்.

ஐப்பசி 3, செவ்வாய்

நிச்சய ஜாக்கெட் முடிந்தது. அளவு ஜாக்கெட்டை மேலே வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. இருபத்தெட்டரை. கை மணிக்கட்டு வரை.

உள்ளே துணி விடவில்லை. ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். முப்பது வருசத்தில் இப்படி ஒரு ஜாக்கெட் நான் தைத்ததில்லை.

மில்லுக்காரம்மா வந்து வாங்கிக்கொண்டார். விரலால் இடுப்பை அளந்து பார்த்து, "இதுதான் வேலை" என்றார். அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்டார். அது ஊக்கு விட்டிருக்கிறது, சரிபண்ணி நிச்சயத்துக்கு எடுத்து வருகிறேன் என்றேன். ஊக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஐப்பசி 8, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு நல்ல நேரம். மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். எனக்கும் அழைப்பு, கடைசி நேர ஊக்குக்கும் ஊசிக்கும் ஆள் வேண்டுமே. பையில் ஊசி, நூல், கத்தரி, அந்த மயில்கழுத்து ஜாக்கெட்.

தட்டைக் கொடுத்தார்கள். பூங்கோதை சேலைத் தட்டோடு உள்ளறைக்கு வந்தாள். அவளுடைய அம்மா, மில்லுக்காரம்மா, நாலைந்து பொம்பளைகள், நான். வெளியே நாயனம்.

வலது கையை நுழைத்தாள். முழங்கைக்கு மேல் போகவில்லை. அவள் அம்மா இழுத்தார். போகவில்லை. இன்னொரு அம்மா முதுகுப் பக்கம் வந்து பிடித்து இழுத்தார். எனக்கு அந்த முழங்கால் வேலைக்காரி ஞாபகம் வந்தது.

"ஏன் துளசி, அளவத் தப்பா எடுத்துட்டியா?" டீச்சர் அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தப்பில்லைங்க. மில்லுக்காரம்மா குடுத்த அளவுதான்."

"பிரிச்சு விடு சீக்கிரம். சபை காத்திருக்குது."

"பிரிக்க உள்ள துணி இல்லைங்க. வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுல யாரும் பெருக்க மாட்டாங்களாம்."

 ஒற்றைக் கை ஜாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டு பூங்கோதை என்னைப் பார்த்தாள். "இது யார் அளவுங்க்கா?"

பையைத் திறந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஜமுனாவின் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி அவள் மடியில் வைத்தேன். பச்சை, வெள்ளை, கறுப்பு, சிவப்பு. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து மாசத்தை மட்டும் சொன்னேன். ஆவணி. ஆனி. கார்த்திகை. தை. சிவப்புக்கு அப்புறம் விரல் வைக்க வரி இல்லை.

டீச்சர் படித்தவள். என்னை விட வேகமாகப் படித்துவிட்டாள்.

மில்லுக்காரம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. பூங்கோதையின் தலையைத் தடவி, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "பயப்படாத கண்ணு. மூணு மாசத்துல உனக்கும் சரியா வந்துரும். எம் பையன் பார்த்துக்குவான். அவளுக்கும் மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு."

பூங்கோதை கையை உருவிக்கொண்டாள். ஜாக்கெட்டை மடித்துச் சேலை மேல் வைத்தாள். தன் பழைய நீலச் சேலையிலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு சபைக்குப் போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம். சுகுமாரன் முன்னால் வைத்தாள்.

"இது எனக்குப் பத்தாதுங்க."

அவன் வாட்சைப் பார்த்தான். "நல்ல நேரம் இருக்கு. மறுபடியும் போட்டுப் பாரு. நான் காத்திருக்கறேன்."

"எத்தன மாசம் காத்திருப்பீங்க?"

நாயனக்காரர் நிறுத்திவிட்டார். அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவன் பார்த்தது அவளை இல்லை, என்னை.

ஐப்பசி 10, செவ்வாய்

கடைக் கட்டிடக்காரர் வந்தார். மில்லுக்காரர்களுக்கு உறவு. கார்த்திகைக்குள் காலி பண்ணச் சொன்னார். "எதுக்குன்னு உனக்கே தெரியும்" என்றார். தெரியும் என்றேன். தீபாவளித் துணி இன்னும் முப்பது பாக்கி.

ஊரில் ரெண்டு பேச்சு. தையல்காரி பொறாமையில் ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாள் என்று ஒன்று. படித்த பெண்ணுக்குத் திமிர் என்று ஒன்று. ஜமுனாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ஐப்பசி 16, திங்கள்

எட்டு நாளாக டீச்சர் என் கடை வாசலில் பஸ் ஏறவில்லை. இன்றைக்கு அஞ்சரைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. அம்மா இன்னும் பேசுவதில்லையாம். கட்டுரையில் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறாளாம். கல்யாணத்துக்கு அப்புறம் என்று தலைப்பாம்.

எனக்கு ஒரு கேலி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

எதிர்த்த பக்கம், அதே தூண், மோட்டார் சைக்கிள். அவன் இன்றைக்கும் வந்திருந்தான். யாருக்காக என்று தெரியவில்லை, அவளுக்காகவா எனக்காகவா. கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தான். பஸ் நேரத்துக்கு வந்து நின்றது, என்றைக்கும் இல்லாத அதிசயமாக. கண்டக்டர் இவளைப் பார்த்து விசில் கொடுத்தார். பஸ் போனதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் அப்படியே நின்றான்.

அவள் ஏறவில்லை.

"அக்கா, கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டுங்களா?" என்றாள்.

எழுந்து போய் ஸ்டூலை இழுத்து மிஷினுக்கு இந்தப் பக்கம், ரோட்டுக்கு முதுகு காட்டினாற்போல் போட்டேன். ரோட்டைப் பார்த்தபடி அவளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். டிபன் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன்.

புளிச்சோறுதான். கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள். அதுவரைக்கும் அவன் அங்கேதான் நின்றான். அதுவரைக்கும் நானும் கண்ணை எடுக்கவில்லை.